பீட்ரூட் ஜூஸ் போதுமா, மாத்திரை வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 14. பள்ளி முகாமில் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறாள். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை கொடுத்தே சரிசெய்ய முடியாதா?

பதில்: முடியாதம்மா. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்கும் என்ற நம்பிக்கையால் ஜூஸ் கடைக்காரருக்குத்தான் லாபம். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். அந்த நீல மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது.

ஆனால் அந்த வார மாத்திரை, சோகை வராமல் தடுக்கத்தான். இந்த வயதில் 12-க்குக் கீழே போனாலே சோகை. 9.4 என்பது நடுத்தர நிலை. தினமும் மாத்திரை எடுத்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அளவைச் சொல்லி இலவசமாகவே தருவார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு சோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். அதனால் வளர்ப்பில் குறையோ என்று நீங்கள் மனதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

மலம் கறுப்பது உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால், பயமில்லை. குமட்டல் பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால் வருகிறது. காலையில் சாப்பிடாமல் ஓடுகிற பிள்ளையா? அப்படியானால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், படுத்துவிட்டால் பிரட்டல் அவ்வளவாகத் தெரியாது. கூடவே எலுமிச்சை ஜூஸோ ஒரு நெல்லிக்காயோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி, பால் மட்டும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். உணவில் கீரை, கேழ்வரகு, கடலை எல்லாம் இருக்கட்டும். அசைவம் உண்டென்றால் வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும்.

மாதவிடாய் எப்படி என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். 7 நாளுக்கு மேல் போனாலோ, இரண்டு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைந்தாலோ அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தாலும் உடனே நிறுத்தாதீர்கள். அளவு 12-ஐத் தொட்ட பிறகும், உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால், மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை. தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள்.