எதிர் பில்டிங்கில் போட்டிருக்கிறார்களா?

கேள்வி: சோலார் லாபம் என்று கணக்குக் காட்டினாலும் மக்கள் ஏன் தயங்குகிறார்கள்? அக்கம்பக்கத்துக்கும் மனசுக்கும் இதில் எவ்வளவு பங்கு?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 24 வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்டில் இரண்டு வருடம் சங்கப் பொருளாளராக மாட்டிக்கொண்டவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கணக்குக்குப் பங்கு ரொம்பக் குறைவு.

லிஃப்ட், தண்ணீர் மோட்டார், நடைவழி விளக்கு எல்லாம் சேர்ந்த பொது மீட்டர் பில் மாதம் பத்தாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாடியில் 10 கிலோவாட் சோலார் பேனல் போட ஆறு லட்சம் கேட்டார்கள். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, அதில் 1.8 லட்சம் போய்விடும். மாதம் சுமார் 1,200 யூனிட் கிடைக்கும், நாலரை வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம். எக்செல்லில் அழகாகப் போட்டு, பிரிண்ட் எடுத்து, கூட்டத்தில் ஆளுக்கொன்று கொடுத்தேன். மூன்றாம் மாடி மாமி தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, எதிர் பில்டிங்ல போட்டிருக்காளா?"

"இல்ல மாமி."

"அப்போ நமக்கென்ன அவசரம்? வடாம் எங்க காயப்போடறது?"

சிரித்தார்கள். தீர்மானம் அன்றைக்குத் தள்ளிப்போனது. இன்னொரு சிக்கலும் இருந்தது. கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டத்தில் வீடுகளுக்கு 200 யூனிட் வரை இலவசம் என்று ஆனபிறகு, பாதி வீடுகளில் கரண்ட் பில்லே பூஜ்யம். பூஜ்யம் பில் வருகிறவரிடம் போய் மின்சாரத்தைச் சேமிப்போம் என்றால் என்ன தோன்றும்?

அடுத்து நான் செய்தது சுத்த அசட்டுத்தனம். கீழே வரிசையாக இருக்கும் மீட்டர்களைப் பார்த்து, எந்த வீடு எத்தனை யூனிட் என்று பட்டியல் போட்டு வாட்ஸப் குழுவில் ஏற்றினேன். அதிகம் செலவழிப்பவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைப்பு. ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போனார். கடைசி இடத்தில் இருந்த அண்ணன், "நாமதான் கம்மியா? அப்போ தாராளமா ஏசி போடலாம்" என்று அந்த மாதமே வாங்கி மாட்டினார்.

இது ஏற்கெனவே ஆராய்ந்து எழுதப்பட்ட விஷயம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் சுமார் 290 வீடுகளுக்கு, அக்கம்பக்கத்துச் சராசரியையும் அவர்களுடைய செலவையும் எழுதிக் கதவில் மாட்டினார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிட்டார்கள். குறைவானவர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தபோது அந்த ஏற்றம் இல்லை. நான் அண்ணனுக்கு ஒரு சபாஷ் சொல்லியிருந்தால் ஏசி வந்திருக்காதோ என்னவோ.

குற்ற உணர்ச்சியும் எடுபடவில்லை. எண்ணூர் சாம்பல் குளம், ராய்ச்சூர் அனல் மின் நிலையத்தின் புகை என்று படம் படமாக அனுப்பினேன். கும்பிடும் கை ஐந்தாறு வந்தது, அவ்வளவுதான்.

திருப்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மென்டில் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பலமாக எதிர்த்த ஐந்து பேரையும் அங்கே காபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்வெர்ட்டர் எந்த கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. "ஏமாத்திடலையே?" என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை நாள் அடியில் கிடந்த பயம் அதுதான்: காசு போவதைவிட, நாலு பேர் முன்னால் ஏமாளி ஆகிவிடக் கூடாது. அந்த மாடியில் பேனல் வரிசைகளுக்கு நடுவே ஓர் அம்மா சிவப்பு மிளகாய் உலர்த்தியிருந்தார். மாமி அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது வடாம் பேச்சே இல்லை. அடுத்த கூட்டத்தில் 24-ல் 19 பேர் கை தூக்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏன் மனம் மாறினீர்கள் என்று பிறகு கேட்டேன். அத்தனை பேரும் "பில் குறையுதே, அதான்" என்றார்கள். 2008-ல் வந்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான். கலிபோர்னியாக்காரர்களிடம் மின்சாரம் சேமிக்கக் காரணம் கேட்டால், பக்கத்து வீட்டார் சேமிப்பதைக் கடைசிக் காரணமாகச் சொன்னார்கள். அவர்கள் நடத்தையோடு மற்ற எதையும்விட ஒத்துப்போனது அந்தப் பக்கத்து வீடுதான்.

பெங்களூருக்கு இது புதிதும் அல்ல. மாடிக்கு மாடி சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதே, அதற்கு யாராவது எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று கணக்குப் போடுகிறார்களா? 2007-ல் அரசு கட்டாயமாக்கியது, பில்லில் மாதம் 50 ரூபாய் வரை கழித்தது, எல்லாம் சரி. இப்போது அது வாடகை விளம்பரத்தில் "சோலார் உண்டு" என்று கௌரவமாக வருகிறது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீர்தான் என்பதையும் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

எங்கள் வாட்ச்மேன் கேட் அருகே கரும்பலகையில் அன்றைய உற்பத்தியைச் சாக்பீஸால் எழுதுகிறார். மழை நாளில் 11 யூனிட், வெயில் நாளில் 43. நான் சொல்லிச் செய்ததில்லை. எழுத மறந்தால் மாமி மேலிருந்து குரல் கொடுப்பார்.

போன வாரம் எதிர் பில்டிங் பொருளாளர் வந்தார். மாடிக்கு ஏறும்போதே, "எத்தனை பேர் எதிர்த்தாங்க?" என்று கேட்டார். ஐந்து என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டு, "எங்கள்ல ஏழு" என்றார்.