பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் கண்காட்சி

வணக்கம். ஒரு வருடமாகச் சென்னையில் ஓவியக் கண்காட்சிகளுக்குப் போய் வருகிறேன். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரப் பத்து நிமிடம் ஆகிறது. அதற்குமேல் என்ன பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் ஆங்கிலக் குறிப்போ ஓவியத்தைவிடக் கடினம். எங்கே தொடங்குவது? சின்னதாக ஒன்று வாங்கவும் ஆசை. விலை கேட்டால் தவறாக நினைப்பார்களா?
சு., வேளச்சேரி

அன்புள்ள சு.,

ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் தொடங்குங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கியது. பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பணிக்கர் காலத்தில் உருவான சென்னை ஓவிய இயக்கத்தின் முக்கியமான ஓவியர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். இன்று இந்த நகரத்தில் வரைபவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்கள், அல்லது அதிலிருந்து முறித்துக்கொண்டவர்கள். அதைப் பார்க்காமல் நேரே தனியார் கேலரிக்குப் போவதால்தான் எல்லாம் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிகிறது.

அங்கே கோடுகளைக் கவனியுங்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம் போலவும் எழுத்து போலவும் வரும். படிக்க முயலாதீர்கள், அவை படிப்பதற்கான எழுத்துகள் அல்ல. கே. ராமானுஜத்தின் பேனா மைக் கனவு மாளிகைகளுக்கு முன்னால் மட்டும் கால்மணி நேரம் நில்லுங்கள். ஜானகிராம், நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்கள் நம் கோயில் மூர்த்திகளைப்போல் பெரும்பாலும் முன்னால் நின்று பார்ப்பதற்கு அமைந்தவை. தகட்டின்மேல் கம்பி ஓடுவதைப் பார்த்தால் அங்கும் கோடுதான் வேலை செய்கிறது என்பது புரியும்.

அடுத்தது கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி. அங்கே ஓவியர்களே கூடத்தை வாடகைக்கு எடுத்துக் காட்சி வைப்பது வழக்கம். அதனால் பெரும்பாலும் அவரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு வேண்டியது அந்த நாற்காலிதான், சுவர்க்குறிப்பு அல்ல. திறப்பு விழா மாலையில் போகாதீர்கள். கூட்டமும் பேச்சும் ஓவியத்தை மறைக்கும். கடைசி நாள் மாலையில் படங்களைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு வேலைநாள் மதியம் நல்லது. ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் ஒப்பித்த பதில் வரும். ‘எந்த நிறம் முதலில் போட்டீர்கள்?’, ‘இந்த இடத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?’, ‘இது என்ன தாள்?’ என்று கேளுங்கள். கூச்சப்படுகிற ஓவியர்கூட மனம் திறந்து பேசுவார். நாற்பது படம் இருந்தால் ஒரு சுற்று வந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்தோடு மட்டும் இருங்கள். முதலில் பத்தடி தள்ளி, பிறகு ஒரு கை தூரத்தில்.

விலை கேட்பது தவறே இல்லை. மேசையில் விலைப்பட்டியல் இருக்கும். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. சிறிய தொகைக்கு கான்வாஸைத் தேடாமல் எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து எடுக்கும் அச்சு), மரக்கட்டை அச்சு போன்ற, ஓவியர் கையால் எடுக்கும் பிரிண்ட்களைப் பாருங்கள். அகாடமியிலேயே இவற்றை அச்சிடும் கிராஃபிக் பட்டறை இருக்கிறது. அரசு கவின்கலைக் கல்லூரியில் அச்சுக்கலை பயின்றவர்களும் நகரத்தில் நிறைய. படத்துக்குக் கீழே பென்சிலில் 3/25 என்று இருந்தால், மொத்தம் இருபத்தைந்து பிரதி, இது மூன்றாவது. எண் சிறியதாக இருப்பதால் மட்டும் மதிப்பு கூடிவிடாது. அமிலமில்லாமல் ஊசியாலேயே தகட்டைக் கீறும் டிரைபாயிண்ட் மட்டும் விதிவிலக்கு: தகட்டில் ஊசி எழுப்பிய பிசிறு ஒவ்வொரு அழுத்தத்திலும் தேய்வதால் முந்தைய பிரதிகளில் கோடு செழிப்பாக இருக்கும்.

ஓவியத்தைப் புகைப்படமெடுத்து இயந்திரத்தில் அடித்ததையும் ‘பிரிண்ட்’ என்றே விற்கிறார்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் இயந்திர அச்சு. எச்சிங்கில் பொதுவாகப் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்தியிருக்கும். விரலால் தொடாமல் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

வாங்கிய பிறகுதான் பெரிய ஆபத்து. ஃப்ரேம் கடையில் தாளை அப்படியே ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். பிறகு பிரிக்க முடியாது. சென்னையின் ஈரக்காற்றில் பசையில் பூஞ்சை பிடித்துத் தாளில் பழுப்புப் புள்ளியாக ஏறும். கண்ணாடி தாளைத் தொட்டாலும் இதே கதிதான், மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டையை (படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை) வைக்கச் சொல்லுங்கள். மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் தாள் கீலால் (சிறு தாள் பட்டையால்) தொங்கவிட வேண்டும். செலோடேப் கூடவே கூடாது. வெயில் விழும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், மழையில் ஊறும் வெளிச்சுவர் மூன்றையும் தவிருங்கள். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் காற்று ஓடும்.

ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எதில், எந்த முறையில் செய்தது), அளவு, பிரதி எண் ஆறும் எழுதி வாங்குங்கள். அளவில் உயரம் முதலில் வரும், அகலம் அடுத்து.