நின்னா நடுங்குது, மிதிச்சா முழிக்குது: பழைய கார்க்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

தர்மபுரியில பெட்ரோல் கார் வேலை பார்க்கிறவன் நான். 20 வருஷம் ஓடின வண்டின்னா ஆசையா எடுப்பேன். "மிஸ்ஸிங் அடிக்குது (இன்ஜின் சீரா ஓடாம விட்டுவிட்டு ஓடுது), என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. எப்போ அடிக்குதுன்னு சொல்லுங்க. காலையில முதல் ஸ்டார்ட்டிலயா, சூடானப்புறமா, மேட்டிலயா, சும்மா நிக்கும்போதா? அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஓடும்போது பரவாயில்ல. ரயில்வே கேட்ல நின்னா உடம்பே குலுங்குது. ப்ளக் மூணும் புதுசு போட்டுட்டேன்.

தம்பி, கார்புரேட்டர்னா காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடுற பாகம். உங்க வண்டி 796 சிசி, மூணே சிலிண்டர். அந்த இன்ஜினுக்குப் பிறவியிலேயே லேசா நடுக்கம் உண்டு. நீங்க சொல்றது அது இல்ல. "நின்னா குலுங்குது, ஓடினா சரியாகுது"ன்னாலே எனக்கு முதல்ல காத்துக் கசிவு மேலதான் சந்தேகம். வண்டி நிக்கும்போது த்ராட்டில் (காத்து போற வழியில இருக்கிற கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், இன்ஜின் உள்ள இழுக்கிற காத்து ரொம்பக் கொஞ்சம். அப்போ ஒரு சின்ன வெடிப்பு வழியா திருட்டுக் காத்து நுழைஞ்சாலும் பெட்ரோல் கலவை கெட்டுடும். மிதிச்சு ஓட்டும்போது அதே கசிவு மொத்தக் காத்துல கடுகளவு, தெரியாது.

வண்டியை ஐட்லிங்ல (மிதிக்காம நின்ன இடத்துல ஓட) விட்டு, கார்புரேட்டர் அடி கேஸ்கெட் (கசிவைத் தடுக்கிற அட்டை), பிரேக் பூஸ்டர் ஓஸ் (இருந்தா), டெல்கோவுக்கு (ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிப்யூட்டர்) போற வேக்கம் ஓஸ், ஒவ்வொரு இடத்திலயும் ஊசியில்லாத சிரிஞ்சால கொஞ்சம் தண்ணி விடுங்க. டெல்கோ மூடி மேலயும் ப்ளக் ஒயர் மேலயும் படக்கூடாது. எங்க விடும்போது இன்ஜின் சத்தம் மாறுதோ, அங்கதான் ஓட்டை. சில பேர் க்ளீனர் ஸ்ப்ரே அடிப்பாங்க. சூடான சைலன்சர் பைப் பக்கத்துல அது தீக்குச்சி உரசுற மாதிரி, வேணாம்.

மறுபடி அவரே: அடி கேஸ்கெட்ல விட்டதும் சத்தம் மாறுச்சுண்ணா! போல்ட்டை நல்லா இறுக்கிட்டா போதுமா?

போதாது, இறுக்கவும் கூடாது. மூலையில ஓவரா இறுக்கித்தான் அந்த அடித்தட்டு வளையுது. கழட்டி, கண்ணாடித் துண்டு மேல வெச்சுப் பாருங்க. ஆடலைன்னா புது கேஸ்கெட் போதும். ஆடினா தேய்ச்சு சமமாக்கணும்.

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு: சார், ஆம்னி ரெண்டு மாசமா ஷெட்ல நின்னுச்சு. இப்ப ஸ்டார்ட் ஆகி உடனே நின்னுடுது.

தோப்புன்னு சொன்னீங்களே, முதல்ல எலி. ரப்பர் ஓஸும் ஒயரும் அதுக்கு முறுக்கு மாதிரி. டார்ச் அடிச்சுப் பாருங்க. அடுத்தது பெட்ரோல். இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். அதிகமா இழுத்தா தண்ணியோட சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும், பம்ப் முதல்ல உறிஞ்சறதும் அதைத்தான். பழசை வடிச்சு ஒரு கண்ணாடி பாட்டில்ல அரைமணி வைங்க. ரெண்டு அடுக்காத் தெரிஞ்சா சந்தேகமே வேணாம். அப்புறம் கார்புரேட்டர்ல ஸ்லோ ஜெட்டை (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுற சின்ன ஓட்டை) கழட்டி காத்தடிக்கணும். கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

அரூர்: சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டுல மட்டும் முக்குது. சமதளத்துல தங்கம். பெட்ரோலா, கரண்டா?

ரெண்டும் இருக்கலாம். எப்படி முக்குதுன்னு கவனிங்க. பெட்ரோல் பத்தலைன்னா மெதுவா வாடும், தாகம் எடுத்த மாடு மாதிரி. காலை எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டா திரும்ப இழுக்கும். அப்ப ஃபில்டர், பம்ப் பாருங்க. கரண்ட் கோளாறுன்னா வெட்டி வெட்டி அடிக்கும். மேட்டுல மிதிக்கும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறுது, ஸ்பார்க் தாண்ட அதிக வோல்டேஜ் வேணும், பழைய ப்ளக் ஒயர் தாங்காம பக்கத்துல கசியவிடும். ராத்திரி விளக்கணைச்சு, இன்ஜின் ஓடும்போது பானட் தூக்கிப் பாருங்க. நீலமா மினுக்கினா ஒயர் போச்சு. கை வைக்காதீங்க, தூக்கிப்போடும்.

ஓசூர், அம்பாசடர்: மிதிச்சதும் ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. மெக்கானிக் ஆக்ஸிலேட்டர் பம்ப் மாத்தணும்னு சொல்றார்.

ஐயா, எந்தக் கார்புரேட்டர்? பக்கத்துல குடம் கவுத்த மாதிரி உயரமா, தலையில திருகுமூடியோட இருந்தா அது எஸ்யூ. அதுல ஆக்ஸிலேட்டர் பம்ப்பே கிடையாது! மூடியைத் திறந்து பாருங்க, உள்ள கொஞ்சம் ஆயில் இருக்கணும். அது வத்திப்போனா மிதிச்சதும் கார்புரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டன் சட்டுனு எகிறிடும், கலவை நீர்த்துப்போய் இன்ஜின் முழிக்கும். 20 நம்பர் ஆயில் கொஞ்சம் விட்டா சரியாயிடும். செலவு ஒரு டீக்குக் கூட வராது. சோலெக்ஸ் கார்புரேட்டர்னா மெக்கானிக் சொல்றது சரியா இருக்கலாம்.

கிருஷ்ணகிரி, சான்ட்ரோ: காலையில திணறுது, மைலேஜ் விழுந்துடுச்சு. ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல. போன கோடையில சூடேறுதுன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டுட்டாங்க.

கோளாறையும் நீங்களே சொல்லிட்டீங்க. தெர்மோஸ்டாட்னா இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம தடுக்கிற வால்வு. அது இல்லாத இன்ஜின் சூடாக ரொம்ப நேரமாகும். கம்ப்யூட்டர் "இன்னும் குளிர்"னு நினைச்சுப் பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். இதுல ஒயரோ சென்சாரோ அறுந்து போகல, அதனால ஸ்கேனர் பல நேரம் சும்மா இருக்கும்.

அப்ப சூடேறினது எதனால? நம்ம போர் தண்ணி. அதுல இருக்கிற சுண்ணாம்புதான் ரேடியேட்டருக்கு எதிரி. அது டியூபை அடைக்கும், டெம்பரேச்சர் சென்சார் மேல ஓடு கட்டி அதையும் ஏமாத்தும். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வெச்சு, கூலன்ட் ஊத்துங்க. த்ராட்டில் பாடியையும் ஒரு தடவை துடைச்சுடுங்க.

பென்னாகரம்: பெட்ரோல்ல ஊத்துற பாட்டில் மருந்து வேலை செய்யுமா?

கசிவையும் பழைய ஒயரையும் மருந்து ஒட்டாது.

ஊத்தங்கரை: அண்ணா, எங்க 800ல எல்லாம் மாத்தியாச்சு. ஒவ்வொரு ப்ளக் ஒயரா எடுத்துப் பார்த்தாங்க, நடு சிலிண்டர் ஒயரை எடுத்தா மட்டும் சத்தத்துல மாற்றமே இல்ல. ஸ்பார்க் நல்லா வருது. ஹெட் கழட்டணுமாம்.

அவசரப்படாதீங்க அக்கா. ஒயரை எடுத்தும் மாற்றமில்லைன்னா அந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு அர்த்தம். (கார்புரேட்டர் இல்லாத, கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுற எம்பிஎஃப்ஐ வண்டிக்காரங்க ஓடும்போது ஒயர் பிடுங்காதீங்க, காயிலும் கம்ப்யூட்டரும் செத்துடலாம்.) முதல்ல டாப்பெட் இடைவெளி (வால்வைத் தள்ளுற இடத்துல விடுற சின்ன சந்து) பார்க்கச் சொல்லுங்க. டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது. அது சரின்னா மூணு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ள ஏறுற அழுத்தம்) பார்க்கணும். நடு சிலிண்டர் மட்டும் குறைவா வந்தா, ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு ஏறினா பிஸ்டன் ரிங் தேய்மானம், ஹெட் கழட்டி மட்டும் பிரயோஜனமில்ல. ஏறலைன்னா வால்வு, இல்ல கேஸ்கெட். மூணு நம்பரையும், ஆயில் விட்டப்புறம் வந்த நம்பரையும் எழுதி அனுப்புங்க, பார்த்துட்டு ஹெட்டைத் தொடலாமான்னு சொல்றேன்.