பெட்டியில் இருந்த சப்பாத்தின் அடிப்பாகம் ஏன் உதிர்கிறது?

நான்கு ஆண்டுகளாகப் பெட்டியில் பத்திரமாக இருந்த சப்பாத்தைத் தீபாவளிக்கு அணிந்து, பினாங்கு லிட்டில் இந்தியாவைச் சுற்றி வருவதற்குள் அடிப்பாகம் தூள்தூளாக உதிர்ந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் அது செய்யப்பட்ட விதத்திலும் பொருளிலும் இருக்கிறது.

வெட்டித் தைத்த தோலையோ துணியையோ பாத வடிவிலான அச்சுக்கட்டையின் மேல் இழுத்துப் போர்த்தி, விளிம்பை உள்ளடியின் (பாதத்துக்குக் கீழே உள்ள உட்தட்டின்) கீழ் மடித்து ஒட்டியபின், அவ்விடத்தைச் சொரசொரப்பாக உரசி, பசை தடவிச் சூடாக்கி, தரையில் படும் வெளியடியை வைத்து அழுத்துவார்கள். பழைய தோல் சப்பாத்துகள் பலவற்றில் பசையைவிடத் தையலையே நம்பினார்கள். (பினாங்கில் பிறந்த சப்பாத்து வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தம் தந்தையிடம் கற்றது இந்தக் கைத்தொழிலைத்தான்.)

இன்றைய இலேசான அடிப்பாகங்கள் பல பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் நுரையால் ஆனவை. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல அறுக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டுமே தாராளம். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பிசுபிசுப்பு தட்டினாலோ, பதிந்த தடத்தில் நுரை பொடிந்தாலோ ஒட்டுவது வீண், பசை பற்றிக்கொள்ள உறுதியான பொருள் அங்கே இல்லை. தைத்த சப்பாத்தாக இருந்தால் வேறு அடி மாற்றித் தைக்கலாம்.