அந்தக் கையால வேலை செய்யலாமா? – டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயசு 52. மார்பகப் புற்றுநோய்னு வலது பக்க மார்பையும் அக்குள்ல இருந்த நெறிகட்டியையும் எடுத்துட்டாங்க, கீமோ, கரண்ட் (ரேடியேஷன்) எல்லாம் போன தீபாவளிக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. என் மருமக அந்தக் கையால ஒரு டம்ளர் கூட தூக்க விடமாட்டேங்கிறா. ஆனா சாயங்காலமானா கை கனக்குது, வளையல் இறுகுது. நான் வேலை செய்யலாமா கூடாதா? – வாசகி, மதுரை

பதில்: மருமகளுக்கு உங்க மேல பாசம், சரி தான், ஆனா கையை சும்மாவே வச்சிருந்தா தோள்பட்டை இறுகிப்போய் நாளைக்கு தலை சீவக்கூட கை மேல போகாதும்மா. அதனால வேலை செய்யுங்க. சப்பாத்தி தேய்க்கலாம், கூட்டலாம், கொடியில துணி காயப்போடறது தோளுக்கு நல்ல எக்சர்சைஸ். தண்ணி குடம் மட்டும் எடுத்த எடுப்புல வேணாம், முதல்ல ஒரு சொம்பு, அப்புறம் சின்ன வாளின்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. முன்னாடி எல்லாம் டாக்டர்களே "வெயிட்டே தூக்காதே"ன்னு தான் சொல்லிட்டிருந்தோம். 2009-ல அமெரிக்காவுல மார்பகப் புற்றுநோய்க்கு அப்புறம் கை வீங்கின பெண்களையே மெதுவா, ஆள் பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுத்து வெயிட் தூக்க வச்சுப் பார்த்தாங்க, வீக்கம் கூடல, திடீர்னு வீங்கற தொந்தரவு குறையத்தான் செஞ்சுது.

ஆனா வளையல் இறுகுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை விட்டுடாதீங்க. கையில ஊறுற நிணநீர் அக்குள் நெறிகட்டி வழியா தான் வடியும், அதை எடுத்துட்டா, கரண்டும் வச்சா, சாக்கடை அடைச்ச தெரு மாதிரி தண்ணி தேங்கும். லிம்ஃபெடிமான்னு சொல்லுவோம், ஆபரேஷன் முடிஞ்சு சில வருஷம் கழிச்சுக்கூட வரும். டெய்லர் டேப்பால ரெண்டு கையையும் ஒரே இடத்துல அளந்து பாருங்க, ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா லிம்ஃபெடிமான்னு தான் எடுத்துக்கணும். அளவுல வித்தியாசமே தெரியலைன்னாலும் கை கனக்குதுன்னு சொல்றீங்க, அதனால இந்த வாரமே ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ போயிடுங்க. இப்ப போனா மசாஜ், கட்டு, கையை இறுக்கிப் பிடிக்கிற அளவெடுத்த ஸ்லீவ் (கை உறை)னு அடக்கிடலாம், நாள் விட்டா தோல் தடிச்சு கல்லாயிடும். ஸ்லீவை கடையில பார்த்து நீங்களா வாங்கி மாட்டாதீங்க, டைட்டா இருந்தா அதுவே வினை.

அருவாமனை வெட்டு, மீன் முள், எண்ணெய் தெறிச்ச புண்ணு, எதுவானாலும் சோப்பு போட்டு கழுவி மருந்து போடுங்க. கை செவந்து சூடாகி காய்ச்சலும் வந்துச்சுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும், மஞ்சள் பத்து போட்டுக்கிட்டு விடியட்டும்னு உக்காரக்கூடாது. ஊசி, பிபி எல்லாம் இடது கையில பார்க்கச் சொல்லுங்க. தெரியாம யாராவது வலது கையில பிபி பார்த்துட்டாங்கன்னா அதுக்காக தூக்கத்தை கெடுத்துக்காதீங்க, ஒண்ணும் ஆகாது.

கேள்வி: மேடம், 41 வயசு. மார்பகப் புற்றுநோய்க்கு தமாக்சிஃபென் மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிடறேன், ராத்திரி குபுகுபுன்னு வேர்த்து நைட்டி நனைஞ்சு போகுது, தூக்கமே இல்ல. பக்கத்து வீட்டக்கா இந்த மாத்திரை கர்ப்பப்பை கேன்சர் வர வைக்கும்னு சொல்றாங்க. நிறுத்திடவா? – வாசகி, கோவை

பதில்: நிறுத்தாதீங்க தங்கச்சி. அந்தக்கா சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அந்த ரிஸ்க் சின்னது, அதுவும் பெரும்பாலும் மாதவிடாய் நின்னவங்களுக்கு தான். தமாக்சிஃபென் குடுத்திருக்காங்கன்னா உங்களுக்கு வந்தது ஹார்மோனால வளர்ற வகை, அதுல அஞ்சு வருஷம் இதை சாப்பிட்டவங்ககிட்ட மார்பகப் புற்றுநோயால வர்ற சாவு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையுது. இது சத்து மாத்திரை இல்ல, கீமோ மாதிரி இதுவும் ட்ரீட்மென்ட் தான். வேர்வைக்கு காட்டன் துணி, காபியையும் காரத்தையும் குறைக்கிறது, அதுல அடங்கலைன்னா மாத்திரையும் இருக்கு. மனசு சரியில்லைன்னு வேற டாக்டர்கிட்ட போனா தமாக்சிஃபென் சாப்பிடறதை மறக்காம சொல்லிடுங்க, பராக்சிடின், ஃப்ளுஆக்சிடின் மாதிரி சில மனச்சோர்வு மருந்து இதோட வேலையை குறைச்சிடும். இயல்பில்லாத ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ரெண்டுக்கும் உடனே ஓடுங்க. இன்னொண்ணு, பீரியட்ஸ் நின்னிருந்தாலும் கரு தங்கலாம், இந்த மாத்திரை சாப்பிடும்போது தங்கக்கூடாது. கருத்தடை மாத்திரை வேணாம், காப்பர் டி பத்தி கேளுங்க.

கேள்வி: சார்/மேடம், என் மனைவிக்கு கீமோ முடிஞ்சும் எப்பவும் அசதி, அடுப்புல பால் வச்சதையே மறந்துடுறா. எங்கம்மா தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிருக்காங்க, சீனியே கூடாதுங்கறாங்க. – வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, முதல்ல அந்தத் தட்டை எல்லார் தட்டோடயும் சேர்த்து வைங்க. கேன்சர் ஒட்டாது, ஆனா தனித் தட்டு மனசை அறுத்துடும். அம்மாகிட்ட இதை சொல்ல வேண்டியது நீங்க தான், உங்க மனைவியை சொல்ல விடாதீங்க. மறதியும் அசதியும் கீமோவோட மிச்சம், பல மாசம் இருக்கலாம். இருந்தாலும் ரத்தத்துல ஹீமோகுளோபின், தைராய்டு ஒரு தடவை பார்த்துடுங்க. படுத்தே இருந்தா அசதி கூடும், சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து நடங்க, வாரத்துக்கு 150 நிமிஷம் வரைக்கும் மெல்ல கொண்டு வரலாம். டீயில போடுற சீனியால கேன்சர் திரும்பி வராது, எடை ஏறாம பார்த்துக்கிட்டா போதும். முட்டை, மீன், பருப்பு எல்லாம் தாராளமா குடுங்க. வாட்ஸ்அப்ல வர்ற மூலிகை கேப்சூல் மட்டும் டாக்டரை கேக்காம வேணாம்.

கேள்வி: கீமோல கொட்டின முடி முளைக்குது, ஆனா சுருட்டை சுருட்டையா! டை அடிக்கலாமா? – வாசகி, சேலம்

பதில்: நிறைய பேருக்கு முதல்ல அப்படித்தான் வரும், போகப்போக பழையபடி மாறலாம். டைக்கு அவசரப்படாதீங்க, முடி நல்லா வளர்ந்து தலைத்தோல் எரிச்சல் இல்லாம ஆகட்டும். மருதாணி இலை அரைச்சு வைக்கலாம், ஆனா "பிளாக் ஹென்னா"ன்னு பாக்கெட்ல விக்கிறதுல டை கெமிக்கல் தான் இருக்கும், அதை தொடாதீங்க.