விபிஎன் எழுந்த பிறகே சேவை துவங்க என்ன வழி?

கேள்வி: ஓபன்விபிஎன் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) நிரல் வழியாக மட்டுமே எட்டக்கூடிய ஒரு தரவுத்தளத்தை நம்பி, லினக்ஸ் கணினியில் ஒரு சேவையை இயக்குகிறேன். அதன் யூனிட் கோப்பில் (சேவையை எப்படி இயக்குவது என்று சொல்லும் கோப்பு) ‘ஆஃப்டர்’ என்ற வரியில் விபிஎன் சேவையைக் குறிப்பிட்டிருந்தும், கணினி துவங்கும்போது என் சேவை தோற்றுவிடுகிறது. பிறகு கையால் துவக்கினால் ஓடுகிறது. ஏன்?

பதில்: ‘ஆஃப்டர்’ வரிசையை மட்டுமே தீர்மானிக்கும், விபிஎன்னையும் சேர்த்துத் துவக்க ‘வான்ட்ஸ்’ அல்லது ‘ரிக்வயர்ஸ்’ வரியும் வேண்டும். ஆனால் உங்கள் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கிளையன்ட்டாக இயங்கும் ஓபன்விபிஎன், சர்வருடன் இணைப்பு உறுதியாவதற்கு முன்பே, தான் தயார் என்று, லினக்ஸில் சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு அறிவித்துவிடுகிறது. அந்த அறிவிப்பை நம்பி உங்கள் சேவை அவசரமாகப் புறப்பட்டுவிடுகிறது. (இன்னொரு விபிஎன்னான வயர்கார்டும் வலையமைப்பு இடைமுகத்தை உருவாக்குவதோடு நின்றுவிடும், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்ப்பதில்லை.) ‘நெட்வொர்க்-ஆன்லைன்’ இலக்கும் இங்கே உதவாது, அது பொதுவாக அடிப்படை வலையமைப்பை மட்டுமே கவனிக்கிறது.

எனவே சேவையை விபிஎன் நிரலோடு அல்லாமல், அது உருவாக்கும் இடைமுகத்தோடு பிணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஓபன்விபிஎன் கிளையன்ட் வழக்கமாக சர்வரிடமிருந்து அமைப்புகளைப் பெற்ற பின்னரே டன்0 இடைமுகத்தைத் திறக்கிறது என்பதால், அந்த இடைமுகத்தைக் குறிக்கும் சிஸ்டம்டியின் சாதன யூனிட்டை ‘பைண்ட்ஸ்டூ’, ‘ஆஃப்டர்’ ஆகிய இரு வரிகளிலும் எழுதினால், இடைமுகம் தோன்றும்வரை சேவை காத்திருக்கும். அது மறைந்தால் நின்றுவிடும். இப்படி நிறுத்துவது சிஸ்டம்டியே என்பதால், தோற்ற சேவையை மறுபடி துவக்கும் ‘ரீஸ்டார்ட்’ அமைப்பு அதை மீட்காது. அதே சாதன யூனிட்டை ‘வான்டட்பை’ வரியிலும் சேர்த்து, சேவையை மீண்டும் எனேபிள் செய்துவிடுங்கள். இடைமுகம் திரும்பும்போது சேவையும் திரும்பும். இடைமுகத்தின் பெயர் மாறாதிருக்க, விபிஎன் அமைப்புக் கோப்பிலும் டன்0 என்றே குறிப்பிட வேண்டும்.

இடைமுகம் இருப்பதாலேயே தரவுத்தளம் எட்டிவிடும் என்று சொல்ல முடியாது. சேவைக்கு முன் ஓட வேண்டியதைக் குறிக்கும் ‘எக்செக்ஸ்டார்ட்பிரீ’ வரியில், தரவுத்தளத்தின் போர்ட் பதில் தரும்வரை சோதிக்கும் சிறு ஸ்கிரிப்ட்டை வைக்கலாம். துவக்கத்துக்கான இயல்பான காலவரம்பு 90 விநாடி என்பதால், அதற்குள் பதில் வராவிட்டால் துவக்கம் தோல்வியாகவே கணக்கிடப்படும். அப்போது மறுபடி முயல, ‘ரீஸ்டார்ட்’ வரியில் ‘ஆன்-ஃபெயிலியர்’ என்றும் ‘ரீஸ்டார்ட்செக்’ வரியில் (முயற்சிகளுக்கு இடையிலான விநாடிகள்) 10 என்றும் எழுதுங்கள். இடைவெளியை மாற்றாமல் விட்டால் 100 மில்லிவிநாடிக்கொரு முறை முயன்று, 10 விநாடிக்குள் 5 முறை துவக்கியதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடக்கூடும். பலர் இடறுவது இங்கேதான்.

தரவு விபிஎன்னுக்கு வெளியே ஒருபோதும் போகக்கூடாது என்றால், துவக்க வரிசையை நம்பாமல் பயர்வால் விதியால் தடுத்துவிடுங்கள்.