குடியும் ஈரலும்: கேள்வி பதில்

பாம்பன்: ஈரலைக் கெடுப்பது சரக்கா, நம் எதிர்ப்பணுக்களா?

இரண்டும்தான். ஈரலிலேயே குடியிருக்கும் விழுங்கணுக்களுக்குக் குப்ஃபர் செல்கள் என்று பெயர். குடலிலிருந்து ரத்தத்தோடு வரும் கிருமித் துணுக்குகளைத் தின்று தீர்ப்பது இவற்றின் வேலை. தொடர்ந்து குடிப்பவருக்குக் குடல் சுவர் தளர்ந்து, பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு கூடுதலாகக் கசிகிறது. உடனே குப்ஃபர் செல்கள் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களைக் கொட்டும். கூப்பாடு கேட்டு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவியும். கிருமிக்கென வைத்திருக்கும் நொதிகளால் ஈரல் செல்லையே அரிக்கும். அப்புறம் ஈரலில் தூங்கிக்கிடக்கும் ஸ்டெல்லேட் செல்கள் விழித்து நார் நாராகத் தழும்பு போடும். இந்த ஸ்டெல்லேட் செல்களை அடக்க இயற்கைக் கொல்லி செல்கள் என்ற எதிர்ப்பணுக்கள் உண்டு. மது அவற்றையும் மந்தமாக்கிவிடும். முற்றினால் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: காலையிலேயே ஊற்றிக்கொள்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம்.

தொண்டி: எதிர்ப்புச் சக்தி லேகியம்?

வேண்டாம். குடியால் ஈரல் அழன்றுபோகும் கடுமையான மது ஹெபடைடிஸில், டாக்டர்கள் நாங்களே எதிர்ப்பணுக்கள் மூட்டும் அந்த அழற்சியை அடக்கத்தான் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். ஏழாம் நாள் பார்த்து, பலனில்லையென்றால் நிறுத்திவிடுவோம்.

கீழக்கரை: கீழாநெல்லி?

மறுபடியுமா! குடியை விடாமல் எதை அரைத்துக் குடித்தும் பயனில்லை.

தேவிபட்டினம்: பனங்கள் இயற்கைதானே? பிராந்திதானே கெடுதல்?

42.8 சதவீதப் பிராந்தி ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 5 சதவீதக் கள் ஒன்றரை லிட்டர் குடித்தாலும் அதே கணக்குதான். ஈரலுக்குப் பனையும் தெரியாது, பாட்டிலும் தெரியாது.

சாயல்குடி: எங்கள் தாத்தா கள் குடித்தே எண்பது வயது இருந்தார் சார்.

சந்தோஷம். அவரோடு குடித்து நாற்பதில் போனவர்கள் இங்கே கேள்வி அனுப்ப மாட்டார்கள்.

தேவிபட்டினம் (மீண்டும்): அப்போ பனையே வேண்டாமா?

அப்படி யார் சொன்னது? கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர் புளிக்காது. தாராளமாகக் குடியுங்கள், சர்க்கரை நோய் இல்லையென்றால்.

மண்டபம்: சிரோசிஸ் என்றார்கள். கடல் வேலைக்குப் போகலாமா?

அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதைக் கவனியுங்கள். அத்தனை ஆர்ப்பாட்டம் செய்த அதே எதிர்ப்பணுக்கள் இந்தக் கட்டத்தில் ஓய்ந்துவிடும். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. மீன் முள் குத்திய காலோடு தண்ணீரில் இறங்காதீர்கள். சிப்பி, நண்டை அரைவேக்காட்டில் தின்னாதீர்கள். கீறல் சிவந்து கொப்புளம் போட்டால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏர்வாடி: தினம் இரண்டு குவார்ட்டர். இன்று ராத்திரியோடு விடப்போகிறேன்.

நல்ல முடிவு. ஆனால் மேலே சொன்னேனே, வலிப்பு! நாளைக் காலை முதலில் டாக்டர்.

உச்சிப்புளி: கீழாநெல்லி வேரா, இலையா?

கீழக்கரைக்குச் சொன்னதுதான்.